தெருவுக்கு ஒரு பழத்தோட்டம்: கடலூர் மண்ணுல நாங்க பட்டுக் கத்துக்கிட்டது, குழியிலேர்ந்து பழம் வரைக்கும்

எங்க நகர்ல பார்க்குன்னு பேப்பர்ல மட்டும் இருந்த 30 சென்ட் இடம் ஒண்ணு, சீமைக்கருவேலமும் குப்பையுமா கெடந்துச்சு. அதுல முதல் வருஷம் ஒரே நாள்ல 110 கன்னு வெச்சோம், வாழை மரம் கட்டி, மைக் செட் போட்டு, எல்லாருக்கும் கேசரி குடுத்து. அடுத்த சித்திரை முடிஞ்சு எண்ணிப் பாத்தா 37 தான் உயிரோட நின்னுச்சு. மீதியெல்லாம் ஆடு தின்னது, காஞ்சது, தண்ணி நின்னு அழுகுனது, ஒண்ணு ரெண்டு ராவோட ராவா யாரோ பிடுங்கிட்டுப் போனது. அன்னிக்கு போட்டோவுல நின்ன 60 பேர்ல தண்ணி ஊத்த வந்தது 5 பேரு.

அதனால எல்லாரும் கன்னுலேர்ந்து ஆரம்பிக்கிற இந்தக் கதைய நான் வாளியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், நடுறது ஒரு நாள் வேலை, தண்ணி ஊத்துறது மூணு வருஷ வேலைங்க.

முதல்ல வாளிக் கணக்கு

கன்னு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுத்து இந்தக் கணக்க போடுங்க. சின்ன கன்னுக்கு கோடையில ஒரு தடவைக்கு 15 லிட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை. 40 கன்னுன்னா வாரத்துக்கு 1200 லிட்டர். 15 லிட்டர் வாளியில அது 80 வாளி. ஒரு ஆளு ஒரு காலையில மூச்சு வாங்காம 10 வாளி தூக்கலாம், அப்போ ஒரு நாளைக்கு 4 பேருன்னு வாரத்துல ரெண்டு நாளு. கல்யாணம், காய்ச்சல், சபரிமலை, பரீட்சைன்னு ஆளு கொறையும், அதனால 8 பேரு இல்ல, 12 பேரு கையில இருக்கணும். உங்க கிட்ட 6 பேரு தான் இருக்காங்களா, 20 கன்னு வைங்க. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, 20 மரம் காய்ச்சா ஒரு தெருவுக்கே போதும்.

30 சென்ட்டுன்னா 13,000 சதுர அடிக்கு கொஞ்சம் மேல. 15 அடிக்கு 15 அடி இடைவெளி விட்டா பேப்பர்ல 58 மரம் வரும், ஆனா நடைபாதை, தண்ணி டேங்க், கேட்டு, உக்கார ஒரு இடம், கரண்ட் கம்பிக்கு கீழ விடுற இடம்னு போக 40க்கு மேல வெக்காதீங்க. நாங்க 110 வெக்கும்போது மூலை வீட்டு ஆயா வேலியில சாஞ்சுக்கிட்டு, "இன்னா தம்பி இவ்ளோ நெருக்கமா வெக்கிறீங்க, நாளைக்கு அதுங்க சண்ட போட்டுக்கும்ல" ன்னு கேட்டுச்சு, நாங்க சிரிச்சோம்.

ஆளு விஷயத்துல ஒரு பழக்கம் எங்களுக்கு நல்லா வேலை செஞ்சுது. மரத்துக்கு மரம் "இது உன்னது" ன்னு பேரு எழுதி தத்து குடுக்கிறது வேண்டாம், ஒருத்தர் வீடு மாத்திப் போயிட்டா அந்த மரம் அனாதையாயிடும். அதுக்கு பதிலா நாளைப் பிரிங்க. புதன் காலைல யாரு, ஞாயிறு காலைல யாருன்னு. வாட்ஸப் குரூப்புல ஊத்தி முடிச்சதும் ஈர மண்ணு தெரியிற மாதிரி ஒரு போட்டோ, அவ்ளோ தான். அந்த குரூப்புல குட் மார்னிங் போடுறவங்கள முதல் வாரத்துலயே அன்பா வேற குரூப்புக்கு அனுப்பிடுங்க, இல்லன்னா "இன்னிக்கு மோட்டார் ஓடல" ங்கிற மெசேஜ் ரோஜாப்பூ படத்துக்கு நடுவுல காணாம போயிடும்.

இடம், அனுமதி, பேரு

ஊருக்குள்ள இடம் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: பெரிய லேஅவுட் போடும்போது 10 சதவீத இடத்த பொது உபயோகத்துக்குன்னு உள்ளாட்சிக்கு தானப் பத்திரமா எழுதிக் குடுக்கணும்னு சட்டம் இருக்கு. உங்க நகர் மனைப் பிரிவு வரைபடத்துல "பூங்கா" ன்னு பச்சை கலர்ல இருக்குமே, அது தான். பாதி இடத்துல அது புதரா இருக்கும், சில இடத்துல அதுல யாராவது மாட்டுக் கொட்டாய் போட்டிருப்பாங்க. அந்த வரைபட நகல், சர்வே நம்பர், இணையத்துலயே எடுக்கிற அ-பதிவேடு (நிலம் யாரோடது, என்ன வகைன்னு சொல்றது), புலப்படம் (நில அளவு வரைபடம்) இது எல்லாத்தையும் சேத்து ஒரு ஃபைலா வெச்சுக்குங்க. ஏரி புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு பக்கம் போகாதீங்க, நல்ல எண்ணத்துல மரம் வெச்சாலும் அது ஆக்கிரமிப்பு தான், நாளைக்கு வாய்க்கால் தூர் வாரும்போது உங்க மரம் தான் முதல்ல போகும்.

கடலூர் 2021ல மாநகராட்சி ஆயிடுச்சு, அதனால மனு கமிஷனருக்கு. அங்க நகரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல ஒரு மனு போட்டு நம்பர் வாங்கிக்குங்க, அந்த நம்பர் இருந்தா தான் அடுத்த தடவை பேச்சே ஓடும். மனுவுல நிலம் கேக்காதீங்க, பராமரிக்க அனுமதி மட்டும் கேளுங்க. நிலம் மாநகராட்சியோடது, மரமும் மாநகராட்சியோடது, வேலை எங்களோடது, பழம் பொதுவுக்குன்னு தெளிவா நாலு வரி. இந்த நாலு வரி எழுதினதும் எதிர்ல இருக்கிறவங்க முகமே மாறும், அது வரைக்கும் இவனுங்க இடத்த மடக்கப் பாக்குறானுங்கன்னு தான் நெனச்சுக்கிட்டு இருப்பாங்க.

சங்கமா பதிவு பண்ணணுமான்னா, காசு புழங்க ஆரம்பிச்சா பண்ணுங்க. 1975ம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல 7 பேரு இருந்தா போதும். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரு கையெழுத்துல ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட், ஒரு நோட்டு, மாசாமாசம் அந்த நோட்டுப் பக்கத்த போட்டோ எடுத்து குரூப்புல போடுறது, இது போதும். போர்டு வெக்கிறதா இருந்தா யாரு பேரும் வேண்டாம், மரத்தோட பேரு மட்டும் எழுதுங்க. யாரு பேர முதல்ல போடுறதுங்கிற சண்டையில நின்னு போன தோட்டத்த நான் பாத்திருக்கேன்.

மண்ணும் தண்ணியும், ஒரு சனிக்கிழமை வேலை

கடலூர்ல ஒரு சாதாரண டவுன் பஸ் தூரத்துக்குள்ள மண்ணு மூணு தடவை மாறும். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் கடல் மணல். கெடிலம், பெண்ணையாத்து ஓரம் வண்டலும் களியும். கேப்பர் மலைப் பக்கம் செம்மண். அதனால மஞ்சக்குப்பத்துல நல்லா வந்த மரம் உங்க தெருவுல வரணும்னு அவசியம் இல்ல.

ரெண்டு அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி தண்ணிய ரொப்புங்க, வடிஞ்சதும் மறுபடி ரொப்புங்க. ரெண்டாவது தடவை அரை மணியில காணாம போனா மணல், எரு நெறைய வேணும், அடிக்கடி தண்ணி வேணும். அடுத்த நாள் காலையிலயும் நின்னா களி, அங்க குழியில நடவே நடாதீங்க, மேடு கட்டி நடணும். இதை நாங்க செய்யல, எங்க இடத்தோட கிழக்கு மூலை களின்னு தெரிஞ்சதே அங்க வெச்ச 9 பலாக்கன்னும் ஒரே கார்த்திகையில போன பெறவு தான்.

போர் தண்ணியோட உப்ப கண்டிப்பா பாருங்க. வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் சர்வீஸ்க்கு வர்றவர் கையில பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கும், அதை முக்கினா டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு சொல்லும். 1000க்குள்ள இருந்தா பெரும்பாலும் எல்லாம் வரும். 2000 தாண்டிட்டா எலுமிச்சை, மா, பலா ஆசைய விட்டுட்டு சப்போட்டா, இலந்தை, நெல்லி, தென்னைன்னு போங்க. கடலோரம் போர்ல கோடையில உப்பு ஏறும், அதனால ஐப்பசியில மட்டும் பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க, வைகாசியிலயும் ஒரு தடவை பாருங்க. மண்ணையும் வேளாண் துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுத்தா சின்ன கட்டணத்துல அட்டை குடுத்துடுவாங்க.

எந்த மரம்

இங்க தான் ஆசை மோசம் பண்ணும். நர்சரிக்குப் போனா டிராகன், அவகாடோ, ரம்புத்தான்னு கண்ணக் கட்டும். ஊர்ப் பொது தோட்டத்துக்கு மூணே கேள்வி: புயல் வந்தா நிக்குமா, ரெண்டு வாரம் யாரும் வரலன்னா பொழைக்குமா, புள்ளைங்க ஏறாம எட்டிப் பறிக்கலாமா.

கொய்யா தான் ராஜா. லக்னோ 49 ரகம் வாங்குங்க, பதியன் கன்னுன்னா (தாய் மரத்துக் கிளையிலயே வேர் விட வெச்சு வெட்டி எடுத்தது) ரெண்டாவது வருஷமே காய் பாக்கலாம், வெட்ட வெட்ட தழைக்கும், கொஞ்சம் தண்ணி நின்னாலும் தாங்கும். முதல் பழம் சீக்கிரம் வர்றது ரொம்ப முக்கியம்ங்க, மாம்பழம் வர்ற வரைக்கும் நாலு வருஷம் எந்த வாலன்டியரும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு. எங்க 40ல 12 கொய்யா, அது தான் ஆளுங்கள புடிச்சு வெச்சுது.

சப்போட்டா அடுத்தது. பிகேஎம் 1, கிரிக்கெட் பால் எந்த ரகம்னாலும். மெதுவா வளரும், ஆனா காத்து, உப்பு, கவனிப்பு இல்லாமை மூணையும் தாங்கும். நெல்லி வெச்சா ஒரே ரகமா வெக்காதீங்க, தன் மகரந்தத்துல அது ஒழுங்கா காய் பிடிக்காது, என்ஏ 7 ஒண்ணு, காஞ்சன் ஒண்ணுன்னு ரெண்டு ரகம் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். மரம் பூராவும் பூவா இருந்து ஒரு காய் கூட இல்லையேன்னு பொலம்புறவங்க முக்காவாசி பேரு ஒத்த நெல்லி வெச்சவங்க. சீதா ஆடு தொடாது, தண்ணி கம்மி, வேலி ஓரத்துக்கு நல்லது. எலுமிச்சை ரெண்டு போதும், ஆனா அந்த ரெண்டுக்காகவே தெரு முழுக்க உங்கள மதிக்கும். மா வெச்சா செந்தூரா, நீலம், பங்கனப்பள்ளின்னு ஒவ்வொண்ணு, 20 அடிக்கு கம்மியா நெருக்காதீங்க.

பலா இல்லாம கடலூர்ல தோட்டமான்னு கேப்பீங்க. பண்ருட்டி பக்கத்துல இருந்துக்கிட்டு பலா வெக்காம இருக்க மனசு வராது தான். பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 ரகம் நம்ம மண்ணுக்குன்னே வந்தது. ஆனா வேர்ல ரெண்டு மூணு நாள் தண்ணி நின்னா பலா மன்னிக்காது. இருக்கிறதுலயே மேடான இடம், செம்மண், அங்க மட்டும் ஒண்ணோ ரெண்டோ. பப்பாளி அதை விட மோசம், ரெண்டு நாள் தண்ணியில தலை தொங்கிடும், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள பழம் குடுத்துடுறதால ஊடுபயிரா நாலு வைங்க, போனா போவுது. பள்ளமான மூலைக்கு நாவல், அது ஈரத்துல நிக்கும். உயரமா போற மரம், கரண்ட் கம்பிக்கு கீழ மட்டும் வேண்டாம். முருங்கைய நான் தோட்டத்துக்குள்ள விடுறதில்ல, சின்ன காத்துக்கே ஒடிஞ்சு பக்கத்து கொய்யா மேல விழும். வேலியோரமா ஒண்ணு இருக்கட்டும்.

எங்க திருப்பாதிரிப்புலியூர் பேர்லயே ஒரு மரம் இருக்கு, பாதிரி. பாடலீசுவரர் கோயில் தலமரம் அது தான். பழம் சாப்பிடுற மரம் இல்ல, இருந்தாலும் கேட்டு பக்கத்துல ஒண்ணு வெச்சிருக்கோம், ஊர் பேரச் சொல்லி புள்ளைங்களுக்கு காட்ட.

கன்னு வாங்கும்போது ஏமாறாம இருக்க

நாங்க ஏமாந்தோம். ரோட்டோர நர்சரி ஒண்ணுல ஒட்டு மான்னு சொல்லி விதைக்கன்ன தலையில கட்டிட்டாங்க, மூணு வருஷம் கழிச்சு தான் வெளங்குச்சு. ஒட்டுக்கன்ன கையில எடுத்து தண்டுல கீழேர்ந்து ஒரு சாண் உயரத்துக்குள்ள தடவிப் பாருங்க, ஒரு இடத்துல மொழி மாதிரி புடைச்சு, அதுக்கு மேல பட்டை நெறமும் கீழ பட்டை நெறமும் வேறயா இருக்கணும். அந்த இடத்துல பிளாஸ்டிக் டேப் இன்னும் சுத்தியிருந்தா நடும்போது பிளேடால கீறி எடுத்துடுங்க, விட்டா தண்டு பெருக்கும்போது கழுத்த நெரிச்சிடும். பையோட அடியைப் பாருங்க, வேர் வெளிய வந்து சுருட்டிக்கிட்டு கெடந்தா அது பழைய சரக்கு, உள்ள வேர் வட்டம் போட்டிருக்கும், அந்த மரம் அஞ்சு வருஷம் கழிச்சு புயல்ல வேரோட சாயும். உயரமான கன்னு நல்ல கன்னுன்னு நெனைக்காதீங்க, மூணு அடி போதும், தண்டு பென்சில விட தடிமனா இருக்கணும். முடிஞ்சா அரசு தோட்டக்கலைப் பண்ணையில வாங்குங்க, விலையும் கம்மி, ரகமும் சொன்னது சொன்னபடி இருக்கும்.

குழி, நடவு

சித்திரை வைகாசியில குழி வெட்டி வெயில் காய விடுங்க. மா, பலா, சப்போட்டாவுக்கு 3 அடி நீள அகல ஆழம், கொய்யா, எலுமிச்சை, சீதாவுக்கு 2 அடி போதும். 3 அடி குழின்னா 27 கன அடி மண்ணு, கடப்பாரை புடிச்சு பழகாத ஆளு ஒரு நாளைக்கு ஒண்ணு வெட்டினாலே கைல கொப்புளம், அதனால பெரிய குழிக்கு ஜேசிபிய ரெண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்துடுங்க, அதே வண்டி சீமைக்கருவேல வேரையும் தோண்டிப் போட்டுடும். மேல வர்ற மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனியா கொட்டுங்க. ரொப்பும்போது மேல் மண்ணு, 10 கிலோ மக்கின தொழு எரு, அரை கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ரொப்பணும். பச்சை சாணிய போடாதீங்க, அது சூடு, கரையானையும் கூட்டிட்டு வரும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு ஆலைக் கழிவு மண்ணு கெடைச்சா நல்லது தான், ஆனா அதுவும் மக்கி ஆறினதா இருக்கணும்.

நடவுக்கு ஆடி. விதைக்கு சொன்ன ஆடிப்பட்டம் தான் கன்னுக்கும். சாயந்திர இடி மழை அப்பப்போ கை குடுக்கும், ஐப்பசி அடைமழைக்குள்ள வேர் ஒரு புடி புடிச்சிடும். மழை நேரத்துல நட்டா நல்லதுன்னு ஐப்பசியில நடுறாங்க, கடல் இல்லாத உள் மாவட்டத்துக்கு அது சரியா இருக்கலாம், கடலோரத்துல புது கன்னு தண்ணியில மெதக்கும். ஆடிய விட்டுட்டீங்கன்னா தை வரைக்கும் பொறுங்க.

நடும்போது பையக் கிழிச்சு மண்ணு உதிராம எறக்கி, ஒட்டுப் போட்ட மொழி தரைக்கு மேல அரை அடியாவது நிக்கிற மாதிரி வெச்சு, சுத்தி காலால மெதிச்சு இறுக்கி, உடனே தண்ணி. மொழிக்கு கீழேர்ந்து வர்ற துளிர் எல்லாம் வேர்ச்செடியோட காட்டுத் துளிர், பாத்ததும் கிள்ளுங்க, விட்டா நீங்க வாங்கின செந்தூராவ அது முழுங்கிடும். பக்கத்துலயே ரெண்டு சவுக்குக் கழி ஊனி, பழைய சேலைக் கிழிசலால எட்டு மாதிரி தளர்வா கட்டுங்க. நைலான் கயிறு வேண்டாம். எங்க சப்போட்டா ஒண்ணுல நைலான் கயித்த மறந்துட்டோம், ஒரு வருஷம் கழிச்சு பாத்தா கயிறு தண்டுக்குள்ள போயிடுச்சு, பட்டை அறுந்து மேல பாதி அப்படியே காஞ்சு நின்னுச்சு.

ஆடு

இதுக்கு தனி தலைப்பே குடுக்கணும். வேலி இல்லாம ஒரு கன்னு கூட நடாதீங்க. கம்பி வேலிக்கு காசு இல்லன்னா கல்லுக்கால், முள்கம்பி மூணு வரிசை, அதுக்கு உள்பக்கம் ஒரு அடிக்கு ஒண்ணா கிளுவைப் போத்து (வெட்டின கிளைத் துண்டு) ஊனி விடுங்க, ரெண்டு மழையில உயிர்வேலி ஆயிடும். கொடுக்காப்புளியும் நெருக்கி நட்டு வெட்டி வெட்டி விட்டா முள்வேலி தான், புள்ளைங்களுக்கு பழமும் ஆச்சு. கேட்டு தானா மூடுற மாதிரி ஒரு கல்லக் கட்டித் தொங்க விடுங்க. ஆட்டுக்காரங்க கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, கவாத்து பண்ணும்போது, அதாவது கிளைய வெட்டி விடும்போது வர்ற தழை, களைப் புல்லு எல்லாம் அவங்களுக்குன்னு சொல்லிட்டோம், இப்போ கேட்டு தொறந்து கெடந்தா எங்களுக்கு போன் பண்றதே அவங்க தான்.

ரெண்டு கோடை

மாசி கடைசியில மூடாக்கு போட்டுடணும். கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், காஞ்ச தென்னை மட்டை, எது கெடைக்குதோ அது, அரை அடி கனத்துக்கு, கன்ன சுத்தி மூணு அடி வட்டத்துல. தண்டுலேர்ந்து ஒரு கையகலம் தள்ளியே இருக்கட்டும், சோகைய தண்டோட ஒட்டிப் போட்டா கரையான் பட்டையில ஏறும். வாரம் ரெண்டு தடவை ஊத்துற தண்ணி வாரம் ஒண்ணரை தடவையா கொறையிறது இந்த மூடாக்கால தான்.

ஆளு கம்மியான எடத்துக்கு பானை. பழைய மண்பானையில அடியில சின்ன ஓட்டை போட்டு துணித் திரி சொருகி, கன்னுலேர்ந்து ஒரு அடி தள்ளி கழுத்து வரைக்கும் புதைச்சு, வாரத்துல ரெண்டு நாள் ரொப்பி மூடியால மூடிடுங்க, இல்லன்னா கொசு. சொட்டு நீர் போட வசதி இருந்தா ரொம்ப நல்லது, ஆனா உப்புத் தண்ணியில ஓட்டை அடைச்சுக்கும், மாசம் ஒரு தடவை ஒருத்தர் எல்லா சொட்டையும் தட்டிப் பாக்கணும். டைமர் வெச்சுட்டோம்னு யாரும் எட்டிப் பாக்காம விட்ட வாரத்துல தான் எங்களுக்கு அணில் பைப்ப கடிச்சு வெச்சுது.

சத்துக்கு ஜீவாமிர்தம் போதும். 200 லிட்டர் பேரல்ல 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வேலியோரத்து மண்ணு ஒரு கைப்பிடி, நிழல்ல ரெண்டு நாள், காலையும் மாலையும் குச்சியால கலக்கி விட்டு, ஒரு வாரத்துக்குள்ள ஊத்தி முடிச்சிடணும். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டாந்தா செலவே தெரியாது. அக்கம்பக்கத்து வீட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, வாசனை கொஞ்சம் அப்படித் தான்.

புயலுக்கு முன்னாடியும் பின்னாடியும்

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரங்களுக்கு அந்த விடியக்காலைய சொல்லவே வேணாம். பண்ருட்டி பக்கம் தாத்தா காலத்து பலாவும் முந்திரியும் வரிசை வரிசையா வேரோட கெடந்துச்சு. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வேற மாதிரி, காத்த விட தண்ணி. புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை, அது வடியிறதுக்குள்ள தென்பெண்ணையில வெள்ளம். ஒண்ணு மரத்த சாய்க்கிற புயல், இன்னொண்ணு முழுக்காட்டுற புயல். ரெண்டுக்கும் தயாராகுற மாசம் புரட்டாசி.

புரட்டாசியில கவாத்து. உள்பக்கம் நெருக்கமா இருக்கிற கிளை, ஒண்ணுக்கொண்ணு உரசுற கிளை, ஒரே பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கிற கிளை எல்லாம் வெட்டி, காத்து உள்ள புகுந்து வெளிய போற மாதிரி பண்ணணும். உயரம் எட்டடி பத்தடிக்கு மேல போக விடாதீங்க. அந்த மாசம் சத்து எதுவும் குடுக்காதீங்க, இளந்துளிர் விட்டு மரம் தலை கனத்து நிக்கும். கழி, கட்டு எல்லாத்தையும் ஆட்டிப் பாருங்க. நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் ஒரு அடி வாய்க்கால் எடுத்து, அது வெளிய எங்க போய் சேருதுன்னு கடைசி வரைக்கும் நடந்து போய் பாருங்க. எங்க வாய்க்கால் நல்லா தான் இருந்துச்சு, ரோட்டோர கால்வாய்ல குப்பை அடைச்சிருந்ததால தண்ணி திரும்ப உள்ள வந்துச்சு.

காத்து நின்னதும் முதல் வேலை தண்ணிய வடிக்கிறது, மரத்த நிமித்துறது ரெண்டாவது. 24 மணி நேரத்துக்குள்ள வடிஞ்சா பாதிக்கு மேல பொழைக்கும். சாஞ்ச இளமரத்த இழுக்குறதுக்கு முன்னாடி கிளைய பாதியா வெட்டுங்க, அறுந்து போன வேருக்கு அவ்ளோ இலைக்கு தண்ணி அனுப்ப முடியாது. பெறவு வேர்ப்பக்கம் பள்ளம் பறிச்சு, நாலு பேரு மெதுவா நிமித்தி, மண்ணக் குவிச்சு மெதிச்சு, மூணு பக்கம் சவுக்குக் கழி குடுத்து நிறுத்தணும். வெளிய தெரியிற வேரு வெயில் படாம உடனே ஈரச் சாக்கு போட்டு மூடுங்க. பெரிய மரம் முழுசா வேரோட கவுந்துட்டா விட்டுடுங்க, அதை தூக்குற நேரத்துல பத்து இளமரத்த காப்பாத்தலாம்.

மரத்தோட வெட்டுக்காயத்துல பூஞ்சை புகாம இருக்க போர்டோ பசை. ஒரு கிலோ மயில்துத்தத்த பிளாஸ்டிக் வாளியில 5 லிட்டர் தண்ணியில ராத்திரியே ஊறப் போட்டுடுங்க, இன்னொரு வாளியில ஒரு கிலோ நீத்த சுண்ணாம்ப 5 லிட்டர்ல கரைச்சு, துத்தத் தண்ணிய சுண்ணாம்புக்குள்ள ஊத்திக்கிட்டே கலக்கணும், வான நீலத்துல கூழ் மாதிரி வரும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. சரியா வந்துச்சான்னு பாக்க ஒரு பழைய இரும்புக் கத்திய கொஞ்ச நேரம் முக்கி எடுங்க, கத்தியில செம்பு நெறம் படிஞ்சா துத்தம் கூட, இன்னும் சுண்ணாம்பு சேருங்க, கத்தி அப்படியே வந்தா சரி. வெட்டின எடத்துல பிரஷ்ஷால பூசுங்க. அன்னிக்கே தீத்துடணும், வெச்சுக்க முடியாது.

கவாத்தும் பூச்சியும் சுருக்கமா

கொய்யாவ ரெண்டரை அடி உயரத்துல நுனிய கிள்ளி மூணு நாலு கிளையா பிரிச்சு விடுங்க. காய்ப்பு முடிஞ்சதும் ஒவ்வொரு கிளை நுனியிலயும் ஒரு சாண் வெட்டினா புதுத் துளிர் வரும், பூ வர்றது அந்த புதுத் துளிர்ல தான். மா முதல் மூணு வருஷம் பூத்தா மனச கல்லாக்கிக்கிட்டு கிள்ளிடுங்க. சப்போட்டாவ தொடவே வேணாம், அடிக்கிளை மட்டும்.

கொய்யாவுல வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி, இலைக்கு அடியில சுருள் வெள்ளை ஈ, ரெண்டுக்கும் முதல்ல பைப் வெச்சு வேகமா தண்ணி அடிங்க, பெறவு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயந்திரம் தெளிக்கணும். எறும்பு ஏறுற மரத்துல தான் மாவுப்பூச்சி ஜாஸ்தி, எறும்ப தடுத்தா பாதி வேலை முடிஞ்சுது. பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி கடையில கெடைக்கும், கொய்யா காய் பெருக்கும்போதே தொங்க விட்டுடுங்க. கீழ விழுந்த புழுப் பழத்த அன்னன்னிக்கே பொறுக்கி ஆழமா புதைங்க, அதை விட்டுட்டு எத்தன பொறி வெச்சும் பிரயோஜனம் இல்ல.

பழம் யாருக்கு

இதை முதல் பழம் வர்றதுக்கு முன்னாடி பேசிடணும், வந்த பெறவு பேசினா சண்டை. எங்க ஏற்பாடு இது: ஞாயித்துக்கிழமை காலைல தண்ணி ஊத்தி முடிச்சதும் பறிப்போம், வேலை செஞ்சவங்க செய்யாதவங்கன்னு பாக்காம அங்க நிக்கிற எல்லாருக்கும் பங்கு, மிச்சம் அங்கன்வாடிக்கு. மத்த நாள்ல யாரு வேணா உள்ள வந்து பழுத்தத பறிச்சு அங்கயே தின்னலாம், பையில போட்டுக்கிட்டு போகக் கூடாது. எலுமிச்சைக்கு மட்டும் விதிவிலக்கு, அவசரத்துக்கு ஒண்ணு ரெண்டு யாரு கேட்டாலும் உண்டு. விக்கிறது இல்லைன்னு முடிவு பண்ணோம், காசு வந்தா கணக்கு வரும், கணக்கு வந்தா சந்தேகம் வரும்.

முதல்ல திருட்டுன்னு நெனச்சதுல முக்காவாசி திருட்டு இல்லங்க, பிஞ்சிலயே பறிக்கிறது. அது தெரியாமப் பண்றது. அதனால சப்போட்டா மரத்துல ஒரு போர்டு தொங்குது: "நகத்தால சுரண்டிப் பாரு. பச்சையா இருந்தா விட்டுடு, மஞ்சளா இருந்தா எடுத்துக்க." முத்துன சப்போட்டாவுல மேல இருக்கிற தூசி மாதிரி பொடி தொட்டாலே உதிரும், தோலுக்கு கீழ மஞ்சள் கோடு தெரியும், பாலும் கொஞ்சமா தான் வடியும். அதை பறிச்சு அரிசிப் பானையிலயோ வைக்கோல்லயோ நாலஞ்சு நாள் போட்டு வெச்சா பழுக்கும். இப்போ ரெண்டாங் கிளாஸ் புள்ளைங்க கூட சுரண்டிப் பாத்துட்டு "அண்ணா, இன்னும் பச்சை" ன்னு சொல்லிட்டு போவுதுங்க, எங்க சப்போட்டா அத்தனையிலயும் நகக் கீறல் தான்.